எறும்பு கடிச்ச மாதிரி

சீவரத்தினத்துக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்திரண்டு வருடங்களை மின்சார சபையில் லைன்மன்னாகக் கம்பங்களின் உச்சியில் கழித்தவர். மழைக்குள் ஏறியிருக்கிறார். போர்க்காலத்தில் செல்லடிக்குள் ஏறியிருக்கிறார். ஒருமுறை கம்பத்தின் உச்சியில் சுருண்டு கிடந்த பாம்பிடம், வேலை முடியும்வரை அசையாமல் இருக்கும்படி சொல்லியிருக்கிறார். பாம்பு அதற்கு என்ன செய்தது என்பது கதை கேட்கும் ஆளைப் பொறுத்து மாறும். அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஏழாலையில் எல்லோருக்கும் தெரியும். அவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

ஓய்வுபெற்றபின் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உத்தியோகம் மனைவி இரத்தினம்மாவுக்கு இன்சுலின் போடுவது. காலையில் பதினாறு அலகு, மாலையில் பத்து. இரத்தினம்மாவின் விரல்கள் வாதத்தில் மடங்கிப் போயிருந்ததால் அவரால் ஊசியைப் பிடிக்க முடியாது. ஆகவே பதினொரு வருடமாகச் சீவரத்தினம்தான் போட்டு வந்தார். போட்டு முடித்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"எறும்பு கடிச்ச மாதிரித்தானே?"

"ஓம்" என்பார் இரத்தினம்மா.

அத்தோடு அந்த வேளைக்கான அலுவல் முடியும். இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை ஊசிக்குழலில் இருந்த கோடுகளைக் காணவில்லை. சில மாதங்களாகவே அவை மங்கிக்கொண்டுதான் வந்தன. அன்றைக்கு முழுவதுமாகப் புகைக்குள் போய்விட்டன. யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். சீவரத்தினம் அப்படிப்பட்ட ஆளில்லை. கண் மறந்தாலும் கை மறக்காது என்று நினைத்து மருந்தை இழுத்தார். அன்றைக்குக் கைக்கு ஞாபகம் வந்த அளவு முப்பது.

அரைமணி நேரத்தில் இரத்தினம்மா புட்டுக் கோப்பைக்கு முன்னால் வேர்த்து ஒழுக இருந்துகொண்டு, "நீங்கள் எந்த பஸ்ஸிலை வந்தனீங்கள்?" என்று புருசனை மரியாதையாக விசாரித்தார். பக்கத்து வீட்டுத் தனுசியா சுன்னாகத்தில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வேலைக்குப் போக வெளிக்கிட்டவள் சத்தம் கேட்டு ஓடிவந்து, சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கினாள். பத்து நிமிடத்தில் இரத்தினம்மாவுக்குப் புருசனை அடையாளம் தெரிந்தது. சீவரத்தினம் அந்தப் பத்து நிமிடமும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கவில்லை.

அன்றுமுதல் தனுசியாதான் இரண்டு நேரமும் வந்து ஊசி போட்டாள். ஆனால் அவளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை தொண்டைமானாறு. கலியாணம் முடிய அங்கேதான் போவாள். பிள்ளைகள் என்று இருந்த ஒரே மகள் உதயகலா சுவிஸில் இருந்தாள். அங்கேயிருந்து ஊசி போட முடியாது. ஆகவே ஆவணிக்குள் சீவரத்தினத்துக்குக் கோடு தெரியவேண்டும். அல்லது இரத்தினம்மாவை அவரே ஒருநாள் கொன்றுவிடுவார். இதைவிட நாகரிகமாக அதைச் சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை.

சித்திரை பிறந்ததும் கண் கிளினிக்குக்குப் போனார். இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலக்கண்ணுக்குச் செய்யலாம் என்று சொல்லி, படிவம் நிரப்ப நீள வாங்கில் இருத்தினார்கள். தாதி ஒருத்தி படிவத்தோடு வந்தாள். இந்த இடத்தில்தான் சீவரத்தினம் பெரிய பிழை ஒன்றை விட்டார். யாழ்ப்பாணத்து மனிசர் எல்லோரும் விடுகிற பிழைதான். ஆளைக் கண்டதும் ஊர் எது என்று கேட்டார். ஊர் தெரிந்ததும் ஆருடைய பிள்ளை என்று கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அவள் கடைசிவரைக்கும் ஒரு வெள்ளைச் சட்டையாகவே இருந்திருப்பாள்.

"நானும் ஏழாலைதான், மாமா. மீற்றர் பாக்கிற ஆழ்வாப்பிள்ளையின்ரை மோள். சுவர்ணா."

சீவரத்தினம் வாங்கில் நிமிர்ந்து இருந்தார்.

ஆழ்வாப்பிள்ளையும் மின்சார சபைதான். வீடு வீடாகப் போய் மீற்றர் வாசிக்கிற வேலை. எண்பத்தெட்டாம் ஆண்டில் புன்னாலைக்கட்டுவனில் ஒரு வீட்டு நாய் துரத்த, அந்த வளவுக் கொய்யாமரத்தில் ஏறி, வீட்டுக்காரர் சந்தையால் வரும்வரை இறங்காமல் இருந்தவர். இந்தக் கதையைச் சீவரத்தினம் கலியாண வீடுகளில் சொன்னார், செத்த வீடுகளில் சொன்னார், ஆழ்வாப்பிள்ளையின் சொந்தப் பிரியாவிடைக் கூட்டத்தில் மாலையோடு அவர் பக்கத்தில் இருக்கத்தக்கதாக ஒலிவாங்கியில் சொன்னார். வருடம் போகப்போகக் கதையில் மரம் உயர்ந்தது, நாய் சிறுத்தது. கடைசியாகச் சொன்னபோது அது குட்டி நாய்.

சுவர்ணா படிவத்தை வாசித்தாள். இருமல் இருக்கிறதா? காது கேட்குமா? கை, தலை நடுக்கம் உண்டா? அரைமணி நேரம் நேராக மல்லாந்து படுக்க ஏலுமா? மருந்து ஏதும் ஒத்துவராதா? ஐந்துக்கும் சீவரத்தினம் ஒரு குறையும் இல்லாத ஆளாகப் பதில் சொன்னார்.

"ஆறாவது. சத்திரசிகிச்சைக்குப் பயம் இருக்கோ?"

"ஆருக்கு? எனக்கோ?" என்று சீவரத்தினம் சிரித்தார். வாங்கிலிருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்கத்தக்கதாகச் சிரித்தார். சுவர்ணா 'இல்லை' என்பதில் புள்ளடி போட்டாள்.

பிறகு டொக்டர் கூப்பிட்டார். இளம் பெண். கண்ணை மரக்கச் செய்வதற்கு மூன்று வழி இருப்பதாகப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். முதலாவது, வெறும் சொட்டு மருந்து. கண் மரத்துவிடும், ஆனால் ஆள் விழிப்பாக, அசையாமல், கதைக்காமல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவேண்டும். இரண்டாவது, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. அதற்குப் பிறகு கண் அசையவும் அசையாது. மூன்றாவது, ஆளையே நித்திரையாக்குவது. அது இருமல்காரருக்கும் நடுக்கக்காரருக்கும், சொல்வது கேட்காத செவிடருக்கும். உங்களுக்கு எது விருப்பம் என்று கேட்டார்.

"எது எண்டாலும் எனக்கு ஒண்டுதான், டொக்டர்."

டொக்டர் சொட்டு மருந்து என்று எழுதினார். துணிவான ஆள் என்றும் சொன்னார்.

வெளியில் வந்து மருந்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் குருநகரைச் சேர்ந்த கனிசியஸ் என்ற கடற்றொழிலாளி இருந்தார். ஆறாவது கேள்விக்கு அவர் "ஓம் பிள்ளை, சரியான பயம்" என்று வாங்கு முழுக்கக் கேட்கச் சொன்னதைச் சீவரத்தினம் தன் காதால் கேட்டிருந்தார். அந்த வாங்கில் குருநகர் ஆள் வேறு ஒருவரும் இல்லை என்பதால் அவர் சொல்லலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்தப் பயத்துக்குக் காரணம் என்ன என்று பெரியமனுசத் தோரணையில் விசாரித்தார். கனிசியஸ் தன் மச்சான் சொன்னதை அப்படியே ஒப்புவித்தார். கண்ணைத் திறந்து வைத்து இடுக்கி போடுவார்களாம். கத்தி வரும்போது அது வருவது தெரியுமாம். வந்த பிறகும் தெரியுமாம்.

"நோகாது. ஆனால் தெரியும்" என்றார் கனிசியஸ்.

சீவரத்தினம் மருந்தை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வீடு போய்ச் சேர்ந்தார்.

ஊருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இப்போது சொல்லிவிடவேண்டும். கண்ணுக்குக் கிட்ட ஏதும் வந்தால் சீவரத்தினத்தால் தாங்கமுடியாது. பாம்பு, மின்னல், செல் எல்லாம் வேறு. கண் வேறு. கிளினிக்கில் கொடுத்த சாதாரணக் கண் மருந்தைத் தனுசியா விட வந்தபோது அவருடைய இமைகள் கடைக் கதவு மாதிரிப் பூட்டிக்கொண்டன. அந்தப் போத்தல் மருந்தில் பாதி மீசைக்குப் போனது. மிச்சம் காதுக்குள் போனது. சொட்டுக்கே இப்படி என்றால் கத்திக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலையைத் திருப்புவார். அல்லது எழும்பி ஓடுவார். பச்சைத் துணியோடு வாசலால் ஓடுவதை ஆழ்வாப்பிள்ளையின் மகள் பார்த்துக்கொண்டு நிற்பாள். அன்று பின்னேரமே ஏழாலையில் கொய்யாமரத்துக்கு விடுதலை கிடைத்து, ஊர் அவருடைய ஓட்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடும்.

தன்னை நித்திரையாக்கினால் நல்லது என்று முடிவெடுத்தார். அதற்குப் பயம் என்று சொல்லத் தேவையில்லை. படிவத்தில் இன்னும் ஐந்து கேள்விகள் இருந்தன.

அடுத்த கிளினிக்கில் சீவரத்தினம் இருமினார். முதலில் மெல்லமாகவும், சுவர்ணா பார்க்காததைக் கண்டு பிறகு உரத்தும் இருமினார். எத்தனை நாளாக என்று கேட்டாள். மூன்று மாதம் என்றார். கொஞ்சம் என்று சொல்லியிருந்தால் பாணி மருந்தோடு போயிருக்கும். மூன்று மாதம் என்று கேட்டதும் டொக்டரின் முகம் மாறியது. அவரை நெஞ்சுக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே எக்ஸ்றே எடுத்தார்கள். மூன்று காலை தொடர்ந்து சளி கொண்டுவரச் சொன்னார்கள். இல்லாத சளியை மூன்று நாளும் விடியக் கிணற்றடியில் நின்று காறி எடுப்பது கம்பம் ஏறுவதைவிடக் கடினமான வேலை. முடிவில், இந்த வயதில் இப்படிச் சுத்தமான நெஞ்சைக் காண்பது அரிது என்று எழுதிக் கொடுத்தார்கள். வைகாசி போய்விட்டது.

பிறகு அவருக்குக் காது கேட்காமல் போனது.

இதை அவர் யோசித்துத்தான் செய்தார். காதுப் பரிசோதனைக்கு மூன்று கிழமைக்குப் பிறகுதான் திகதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் செவிடாக இருந்துவிட்டு ஊரில் கேட்டால் சுவர்ணாவின் காதுக்கு வந்துவிடும். ஆகவே ஊரிலும் செவிடானார். வீட்டிலும் செவிடானார். இரத்தினம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். கேட்டால் ஆறாவது கேள்விக்குத்தான் போய் நிற்கவேண்டும். கோயிலடியில் ஆட்கள் அவருடைய காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார்கள். ஆழ்வாப்பிள்ளை ஒருநாள் படலையடிக்கு வந்து, காது கேட்காதவர்களோடு கதைக்கவேண்டிய மாதிரி கைகளால் சுகம் விசாரித்துவிட்டுப் போனார். அதில் உண்மையான இரக்கம் இருந்தது. சீவரத்தினத்துக்கு அதுதான் சகிக்கவில்லை.

காதுப் பரிசோதகர் ஒரு நடுத்தர வயது மனிதர். சீவரத்தினத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார். சீவரத்தினம் கையை உயர்த்தவில்லை. எல்லாச் சத்தமும் கேட்டது. ஒன்றுக்கும் உயர்த்தவில்லை. பரிசோதகர் அவரை வெளியில் கூட்டிவந்து, முதுகுப் பக்கமாகப் போய் நின்று, தனக்குத்தானே கதைக்கிற அளவு குரலில், "ஐயா, சாரம் அவிழுது" என்றார்.

சீவரத்தினத்தின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின.

செவிப்புலன் மிக நன்று என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டது. ஆனியும் போய்விட்டது. தனுசியாவின் கலியாணத்துக்குப் பந்தற்கால் நடுகிற நாள் பார்த்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நடுக்கம். அடுத்த நாள் தொடக்கம் நடுங்குவது என்றும், சடாரென்று காது கேட்டால் விளக்கம் சொல்லவேண்டி வரும் என்பதால் வீட்டில் இன்னும் இரண்டு நாள் செவிடாகவே இருப்பது என்றும் தீர்மானித்தார்.

அடுத்த நாள் காலை தனுசியா ஊசி போட வந்தாள். சீவரத்தினம் அதே அறையில் யன்னலோரக் கதிரையில் இருந்து முற்றத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டு முடிய, நொந்ததோ என்று அவள் கேட்டாள்.

"இல்லை மோனை. நீ போட்டால் போட்டதே தெரியாது" என்றார் இரத்தினம்மா. புருசனின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தணிக்கவேண்டிய தேவை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. "இவர் போட்டால்தான் நோகும். பதினொரு வருசமா நோகுது."

தனுசியா சிரித்துவிட்டாள். ஏன் அங்கிளிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னால் அடுத்த நாள் போடமாட்டார். முதல் நாள் போடேக்கை அவரின்ரை கையைப் பாத்தனான். அப்பிடி ஒரு நடுக்கம். முகத்திலை ரத்தம் இல்லை. போட்டிட்டு, எறும்பு கடிச்ச மாதிரித்தானே எண்டு கேட்டார். கேக்கேக்கை அழுதிடுவார் போல இருந்தது. நான் ஓம் எண்டன். அதுக்குப் பிறகுதான் மூச்சு விட்டவர்." இரத்தினம்மா சட்டைக் கையை இறக்கி விட்டார். "ஊருக்கெல்லாம் புழுகினாலும் சரியான பயந்த மனுசன் மோனை. பாவம். நான் ஓம் எண்டு சொன்னால்தான் அவருக்கு அடுத்த நாள் விடியும்."

முருங்கையில் ஒரு காகம் வந்து இருந்தது. சீவரத்தினம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கண்ணுக்கு அது கறுப்பாக ஏதோ ஒன்று. அந்தக் கேள்வியைத் தான் மனைவியைத் தேற்றுவதற்காகக் கேட்பதாகத்தான் பதினொரு வருடமாக அவர் நம்பியிருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எட்டாயிரம் தடவைக்கு மேல் வரும். அத்தனை தடவையும் நொந்தவர் நோகாதவரைத் தேற்றியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. இந்த மனுசியை இழக்கக் கூடாது என்று நினைத்தார். இவ்வளவு வெளிப்படையாக அவர் அதை இதுவரை நினைத்ததில்லை. அப்படி நினைத்து அவருக்குப் பழக்கமும் இல்லை.

தனுசியா போனபின் இரத்தினம்மா கையால் தேத்தண்ணி வேண்டுமா என்று சைகை காட்டினார்.

"கேக்குது" என்றார் சீவரத்தினம். "நேற்று மருந்து விட்டவை. இப்ப கேக்குது."

எப்போது தொடக்கம் என்று இரத்தினம்மா கேட்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு அவரைக் கனநேரம் பார்த்தார். பிறகு சீனி போடாத கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டார்.

ஆடியில் அடுத்த கிளினிக். வாங்கில் ஏழாலை ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நித்திரை. மற்றவர் பேப்பரில் மரண அறிவித்தல் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கின் ஓரத்தில் கனிசியஸ் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். அவருக்கு வைகாசியிலேயே முடிந்துவிட்டதாம். பயம் என்று சொன்னபடியால் ஒரு குளிசை கொடுத்து, பக்கத்தில் ஆள் நின்று கையைப் பிடித்துக்கொண்டதாம். கத்தி தெரிந்ததா என்று சீவரத்தினம் கேட்டார். கத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான், அந்த மச்சான் சின்ன வயதிலிருந்தே பொய்யன் என்றார் கனிசியஸ். இதைச் சித்திரையில் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது என்று சீவரத்தினம் நினைத்தார். ஆனால் கடற்கரைக்காரரோடு காலையில் சண்டைக்குப் போக விருப்பமில்லை.

சுவர்ணா கொப்பியை விரித்தாள். நெஞ்சு நல்லது, காது நல்லது என்று வாசித்துவிட்டு, இந்த முறை என்ன என்பது போல நிமிர்ந்தாள்.

"பிள்ளை, உந்த ஆறாவது கேள்வியைத் திருப்பிக் கேள்."

"பயம் இருக்கோ, மாமா?"

"ஓம். சரியான பயம்."

அவள் 'இல்லை'யை வெட்டிவிட்டு 'ஓம்' என்பதில் புள்ளடி போட்டாள். நித்திரை கொண்டவர் நித்திரையாகவே இருந்தார். மற்றவர் பேப்பரை மறுபக்கம் திருப்பினார். யாருடைய வீட்டுக் கூரையும் விழவில்லை. சீவரத்தினத்துக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். இருமலைச் சொன்னார், காதைச் சொன்னார், சாரத்தை மட்டும் சொல்லவில்லை. டொக்டர் சிரிக்காமல் கேட்டார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் சித்திரையிலேயே முடிந்திருக்கும் என்றார். முழு நித்திரைக்கான வரிசை கார்த்திகை வரைக்கும் போகிறது, இருதயப் படத்திலும் சின்னத் தடுமாற்றம் இருக்கிறது, ஆகவே பயத்துக்கு ஒரு குளிசையும் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியும்தான் நல்லது, அதற்குப் பிறகு இமையைத் திறந்து வைக்கிற பாடு உங்களுடையதல்ல என்றார்.

"ஊசி நோகுமோ?" என்று சீவரத்தினம் கேட்டார்.

"நோகும், ஐயா. அமத்துற மாதிரி, பத்து செக்கன் நோகும். பிறகு இல்லை."

எறும்பைப் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சீவரத்தினத்துக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பத்து செக்கன் என்றால் எண்ணலாம்.

எண்ணினார். சத்திரசிகிச்சை நாளில் அது ஒன்பதில் முடிந்தது. மேசையில் படுக்க வைத்து முகத்துக்கு மேல் துணியை விரித்தபோது, மூக்குக்குப் பக்கத்தில் குழாயால் காற்று வந்தது. சுவர்ணா துணிக்குக் கீழால் அவருடைய வலக்கையைப் பிடித்தாள். இனிக் கதைக்கக் கூடாது, தலை ஆட்டக் கூடாது, நொந்தால் ஒருதரம் அமத்துங்கோ, இருமல் வந்தால் இரண்டுதரம் அமத்துங்கோ என்றாள். இருமல் என்ற சொல்லைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டொக்டர் கை கழுவப் போயிருந்தார். கதைக்கக் கூடாது என்ற சட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று சீவரத்தினம் எடுத்துக்கொண்டார்.

"பிள்ளை. கொப்பரும் போன வருசம் இஞ்சைதானே செய்தவர். பயப்படேல்லையோ?"

சுவர்ணா துணியின் விளிம்பைச் சரிசெய்தாள்.

"இந்த மேசையிலை படுத்த ஆக்கள் சொன்னதை நான் வெளியிலை சொல்லுறேல்லை, மாமா. உங்கடையையும் சொல்லன்."

சீவரத்தினம் துணிக்குக் கீழே யோசித்தார். சொட்டு மருந்தோடு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு செய்ததாக ஆழ்வாப்பிள்ளை வாசிகசாலையில் சொல்லித் திரிந்தது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

கத்தி தெரியவில்லை. முதலில் வெள்ளை வெளிச்சம் இருந்தது. பிறகு அது மூன்றாகி, நீலமாகி, தண்ணீருக்குள் இருந்து சூரியனைப் பார்ப்பது போலக் கலங்கியது. நோகவில்லை. ஆனாலும் கையை அமத்தினார். நோகுதோ என்று டொக்டர் நிறுத்திக் கேட்டார். நோகவில்லை என்று சொல்ல ஒரு சைகையும் ஒழுங்குபண்ணியிருக்கவில்லை. சுவர்ணா அவருடைய கையைத் தானும் ஒருதரம் அமத்தி, "இருக்கிறன், மாமா" என்றாள். அவருக்குத் தேவையாக இருந்தது அதுதான். பதினெட்டு நிமிடத்தில் பதினொரு தடவை அமத்தினார். பதினொரு தடவையும் அவள் இருந்தாள்.

அடுத்த நாள் மூடியை எடுத்தபோது சுவரில் பல்லி ஒன்று தெரிந்தது. அதன் விரல்கள்கூடத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து இரத்தினம்மாவைப் பார்த்தார். மனைவிக்கு இவ்வளவு வயது போயிருப்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விடுகிற புத்தி இருந்தது.

தனுசியாவின் கலியாண வீட்டில் ஆட்கள் வழக்கம்போல அவரிடம் நாய்க் கதை கேட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை பக்கத்துப் பந்தியில் இருந்தார். சீவரத்தினம் சொல்லத்தான் செய்தார். ஆனால் இந்த முறை அந்த நாயை நல்ல பெரிய நாயாக்கினார். கன்றுக்குட்டி அளவு. அப்படி ஒரு நாய்க்கு ஆர் எண்டாலும் மரத்தில்தான் ஏறுவான் என்று முடித்தார். ஆழ்வாப்பிள்ளை வடையைக் கையில் வைத்தபடி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கலியாணம் முடிந்து தனுசியா தொண்டைமானாறு போன மறுநாள் காலை, சீவரத்தினம் யன்னல் வெளிச்சத்தில் ஊசிக்குழலைப் பிடித்தார். கோடுகள் ஒவ்வொன்றாக நின்றன. பதினாறுக்கு இழுத்தார். இரத்தினம்மாவிடம் காட்டினார். மறுபடி தான் பார்த்தார். கை நடுங்கியது. முதல்முறையாக அதை மறைக்கவில்லை. இரத்தினம்மா சட்டைக் கையை உயர்த்திக்கொண்டு, எறும்புக் கேள்விக்கான பதிலோடு தயாராக இருந்தார்.

சீவரத்தினம் தன் இடக்கையை நீட்டினார்.

"இதைப் பிடி. நொந்தால் அமத்து."

"நோகாதப்பா."

"நோகும். பத்து செக்கன் நோகும். அமத்து."

இரத்தினம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். அந்தச் செவிட்டு நாட்களில் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருவது முகத்தில் தெரிந்தது. சீவரத்தினத்துக்கு இப்போது அதெல்லாம் நன்றாகவே தெரிந்தது. இரத்தினம்மா மடங்கிய விரல்களால் அவருடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தார். ஊசி போனது.

இரத்தினம்மா அமத்தினார். வாதம் பிடித்த விரல்களில் இவ்வளவு பலம் இருக்கும் என்று சீவரத்தினம் எதிர்பார்க்கவில்லை. நகங்கள் இறங்கின. ஊசியை எடுத்த பிறகும், பஞ்சை வைத்த பிறகும், பத்து செக்கன் முடிந்து இன்னொரு பத்து போன பிறகும் அவர் விடவில்லை. எட்டாயிரம் ஊசிக்கும் சேர்த்து அமத்துவது போல அமத்தினார். இரத்தினம்மாவின் கண் இரண்டிலும் தண்ணீர் வழிந்தது.

"எறும்பு கடிச்ச மாதிரித்தானே?" என்று இரத்தினம்மா கேட்டார்.

"இல்லை" என்றார் சீவரத்தினம். "நோகுது."